கடுவன் மண்ணைத் தோண்டி முக்கினால்

வாசகர் கடிதம்:

டாக்டர் ஐயா, நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. போன மாதம் எங்கள் கடுவன் பூனை செவலை, நாலு வயசு, மூன்றே நாளில் செத்துப் போய்விட்டது. பேரன் காதுகுத்துக்கு வீடு நிறையச் சனம். அது முடிந்த மறுநாள் கொல்லையில் மண்ணைத் தோண்டித் தோண்டி உட்கார்ந்தது, முக்கியது, முனகியது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டினேன். இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் விடிகாலையில் பத்தாயத்துக்கு அடியில் விறைத்துக் கிடந்தது. யாரோ எலி மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார் என் கொழுந்தனார். நான் கொடுத்த எண்ணெய்தான் கொன்றுவிட்டதோ என்று எனக்குத் தூக்கமில்லை. இப்போது தாய்ப்பூனை வெள்ளச்சியும் ஏழு வாரக் குட்டிகள் இரண்டும் இருக்கின்றன. குட்டிகளுக்குத் தும்மல், கண்ணில் பீளை. மருமகளுக்கு ஐந்து மாதம். பூனைகளைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விளக்கெண்ணெய் செவலையைக் கொல்லவில்லை. எலி மருந்தும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் சிறுநீர் அடைப்பைக் காட்டுகிறது. கடுவன் பூனைகளைக் கொண்டுபோகிற அவசர நோய்களில் இதுதான் நான் அதிகம் பார்ப்பது. வீட்டுக்காரர்கள் அதிகம் ஏமாந்துபோவதும் இதில்தான்.

பெட்டைப் பூனைக்குச் சிறுநீர் வரும் குழாய் குட்டை, கொஞ்சம் அகலம். கடுவனுக்கு நீளம், நுனிக்கு வரவர ஊசி போலக் குறுகிவிடும். சிறுநீரில் படிகிற உப்புத் துகள், சளி மாதிரிப் பசை, சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து உரிந்த செல்கள் எல்லாம் திரண்டு அந்த நுனியில் போய் அடைத்துக்கொள்ளும். மடையில் ஒரு கைப்பிடி வைக்கோல் சிக்கினால் போதும், வாய்க்கால் தண்ணீர் முழுக்கத் தேங்கி நிற்கும் இல்லையா, அப்படித்தான். பை நிரம்பி இறுகும். சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் நிற்கும். வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கும்; அதோடு பொட்டாசியமும் ஏறும். அது ஏற ஏற இதயத்துடிப்பு தளர்ந்து, கடைசியில் நின்றுவிடும். முழுதாக அடைத்துக்கொண்ட பூனைக்கு முதல் நாள் முக்கல், மறுநாள் வாந்தி, அதற்கடுத்த நாள் உயிர் போய்விடும். செவலைக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

எலி மருந்து என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீணாக அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வேண்டாம் பாருங்கள். நம் பக்கம் சம்பா கதிர் வரும் சமயத்தில் வரப்பில் வைக்கிற கறுப்புப் பொடி, அதாவது துத்தநாக பாஸ்பைடு, வயிற்றில் போனதும் விஷவாயுவாக மாறிவிடும். பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு என்று முடித்துவிடும். கேக் மாதிரிக் கட்டியாக வருகிற புரோமடியோலோன் வேறு வகை. மூன்று நாலு நாள் கழித்து ரத்தம் உறையாமல் செய்யும். ஈறு வெளுத்துப்போகும், மூக்கில், மலத்தில் ரத்தம் வரும். இரண்டிலுமே பூனை மண்ணைத் தோண்டித் தோண்டி உட்காராது.

அடைப்பு விழுந்த கடுவன் என் மேஜைக்கு வந்தால் முதலில் அடிவயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பேன். நல்ல பூனையின் பை மெத்தென்று விரலுக்குள் நழுவும். இதற்கோ, காய் கொய்யாவைத் துணிக்குள் வைத்துத் தைத்த மாதிரி கெட்டியாக நிற்கும். தொட்டதும் கத்தும். வாலைத் தூக்கினால் குறியின் நுனி நக்கி நக்கிச் சிவந்து புண்ணாகியிருக்கும். மயக்க ஊசி போட்டு மெல்லிய டியூபைச் செலுத்தி, உப்புநீரை ஏற்றி ஏற்றி அடைப்பைக் கரைக்க வேண்டும். சில நேரம் பத்து நிமிஷம், சில நேரம் ஒரு மணி நேரம் ஆகும். வழி திறந்ததும் செம்பருத்தி நிறத்தில் சிறுநீர் எவர்சில்வர் தட்டில் சளசளவென்று விழும். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரர் மூச்சை விடுவது எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் டியூபோடு வைத்து டிரிப் ஏற்ற வேண்டும். முதல் நாளே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடும். மறுபடி மறுபடி அடைக்கிற பூனைக்குக் குறுகலான நுனியை எடுத்துவிட்டு வழியை அகலப்படுத்துகிற அறுவைச் சிகிச்சையும் உண்டு.

நீங்கள் ஏமாந்துபோனதில் வெட்கப்பட எதுவுமில்லை அம்மா. நான் படித்து முடித்து வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், முக்குகிறது என்று தூக்கி வந்த ஒரு கடுவனுக்கு, பையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எனிமா கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பையன் தனியாகத்தான் வந்தான். இன்றைக்கும் கடுவன் ஒன்று முக்குகிறது என்று யாராவது போனில் சொன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

நீங்களோ முதல் நாளே கவனித்துவிட்டீர்கள். பார்த்ததன் அர்த்தம் மட்டும்தான் தெரியவில்லை. அதனால் இதைப் படிக்கிற எல்லாரும் ஒன்றை மனதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கடுவன் பூனை முக்கினால், சிறுநீர் போகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை அது நீரடைப்புதான். மலச்சிக்கலாக இருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். இதற்கு ஒரு ராத்திரிகூடப் பொறுக்கக் கூடாது. மண்ணைத் தோண்டிய இடத்தில் ஈரம் இருக்கிறதா, சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற மட்டும் முயலாதீர்கள், பை கிழிந்துவிடும்.

ஏன் காதுகுத்து முடிந்த மறுநாள் வந்தது? கடிதத்தின் ஓரத்தில் இரண்டு விஷயம் சேர்த்து எழுதியிருந்தீர்கள்: நாலு நாளும் செவலை பரணை விட்டு இறங்கவேயில்லை, சென்னையிலிருந்து மகன் வாங்கி வந்த உலர் தீவன உருண்டையைத்தான் பரணிலேயே வைத்தீர்கள். பூனை பாலைவனத்துக் காட்டுப்பூனையின் வழியில் வந்த பிராணி. அதற்குத் தாகம் குறைவு. தின்கிற எலியிலும் மீனிலும் இருக்கிற ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளப் பழகிய உடம்பு. ஈரமில்லாத உருண்டையை மட்டும் தின்று, தண்ணீருக்கு இறங்கவும் பயந்து கிடந்தால் சிறுநீர் கெட்டியாகிவிடும். அதோடு பயம். புது ஆட்கள், மேளம், பந்தல், இடம் மாறிய கட்டில் எல்லாமே பூனைக்குப் பெரிய அதிர்ச்சி. கிருமி எதுவும் இல்லாமலே, மன உளைச்சலால் மட்டும் பூனையின் சிறுநீர்ப்பை வீங்கி ரத்தம் கசிவதுண்டு. கல்யாணம், வளைகாப்பு, வெள்ளையடிப்பு முடிந்த வாரத்தில்தான் இப்படிப்பட்ட பூனைகள் என்னிடம் நிறைய வருகின்றன.

அடுத்து உங்கள் வீட்டில் வளைகாப்பு வரும். அன்றைக்கு வெள்ளச்சிக்கும் குட்டிகளுக்கும் கதவு சாத்துகிற ஒரு அறையை ஒதுக்கிவிடுங்கள். வாயகன்ற கிண்ணத்தில் தண்ணீர், சாப்பாட்டுக்குத் தள்ளி ஒன்று, வாசலோரம் ஒன்று. மண் போட்ட பேசின் ஒன்று. உருண்டை கொடுத்தால் வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். மீனை உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, வேகவைத்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். குழம்பு மீனைக் கழுவிப் போட்டாலும் அந்தச் சாறு போகாது. பச்சை மீன் தினமும் வேண்டாம். சில மீன்களில் தயமின் என்ற வைட்டமினை அழிக்கிற பொருள் இருக்கிறது. வெந்தால் அது போய்விடும்.

இதைப் படிக்கிற சைவ வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்கிற பூனைக்கு டாரின் என்ற சத்து கிடைக்காது. நாய்க்கு உடம்பிலேயே ஊறும். பூனை மாமிசத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது குறைந்தால் பார்வை போகும், இதயம் பலூன் மாதிரி விரியும். இதயம் கெடுவதற்கு இதுவே காரணம் என்று 1987-ல்தான் கண்டுபிடித்தார்கள். பூனைத் தீவனத்தில் டாரினைக் கூடுதலாகச் சேர்த்ததும் அந்த நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. மாமிசம் சமைக்க மனமில்லாதவர்கள் கடையில் விற்கிற பூனைத் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள்.

இனி குட்டிகள். தும்மலும் கண் பீளையும் பூனைச் சளி. ஹெர்பிஸ் வைரஸ், கலிசி வைரஸ் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். மனிதருக்கு ஒட்டாது. நல்லபடி பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து நாளில் தெளிந்துவிடும். ஆனால் மூக்கடைத்த குட்டிக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் வாய் வைக்காது. சாவது பட்டினியாலும் நீர்ச்சத்து வற்றியும்தான். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணில் ஒற்றி, பீளை ஊறியதும் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. குளியலறையில் வெந்நீரை வாளியில் ஊற்றிக் கதவைச் சாத்தி, நீங்களும் கூடவே பத்து நிமிஷம் ஆவியில் உட்காருங்கள். நெஞ்சில் தடவுகிற தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எதுவும் கிட்டே வரக் கூடாது. பூனைக்கு அவை விஷம். மீனைச் சூடாக மசித்து மூக்கருகே காட்டினால் வாய் திறக்கும். கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், வேண்டாம். வீட்டில் யாருக்கோ வாங்கிய கண் மருந்து மிச்சம் இருந்தாலும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் குட்டியின் கருவிழியில் இருக்கிற புண் ஆழமாகிக் கண்ணே போய்விடும்.

தினமும் ஒரே நேரத்தில் தராசில் வைத்து எடையைக் காலண்டரில் குறித்து வாருங்கள். ஏழு வாரக் குட்டி ஏறக்குறைய 700 கிராம் இருக்கும். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராமாவது ஏற வேண்டும். இரண்டு நாள் ஏறாமல் நின்றாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ உடனே கிளம்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சளி என்று எண்ணிவிடாதீர்கள். குட்டி வாந்தி எடுத்து, பேதியாகி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடிக்க வந்து குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால் அது பேன்லுகோபீனியா. நாய்க்கு வருகிற பார்வோவின் தாயாதி. வெள்ளை அணுக்களை அழித்துவிடும். தடுப்பூசி போடாத குட்டிகளில் முக்கால்வாசி தப்புவதில்லை. அந்தக் கிருமி வீட்டுத் தரையில் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். பினாயிலுக்குப் போகாது, பினாயிலே பூனைக்கு ஆகாது. பிளீச் கரைசல்தான் கேட்கும். சளி தெளிந்ததும் எட்டு வாரத்துக்கு மேல் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று. சளிக்கும் இதற்கும் சேர்த்து ஒரே ஊசி. மூன்று மாதத்தில் வெறிநோய்க்கு ஒன்று.

குட்டிக்குக் காய்ச்சல் அடிக்கிறதே, பாரசிட்டமாலில் கால் மாத்திரை கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டீர்களே, நல்லதாகப் போயிற்று. கொடுக்கவே கூடாது. அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையையே கொன்றுவிடும். ரத்தம் பழுப்பாகி, ஈறு சேற்று நிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுக்குத் தவித்துச் சாகும். பாசத்தோடு கொடுத்தவர்கள் மடியிலேயே அப்படிப் போன பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். சொறிக்கு மண்ணெண்ணெய் தடவுவதையும் விட்டுவிடுங்கள். பூனை தன்னையே நக்கிக்கொள்ளும் பிராணி, மேலே தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். காதோரத்தில் தொடங்கிப் பொருக்குத் தட்டுகிற சொறிக்கும், காதுக்குள் காப்பித்தூள் மாதிரி அழுக்குச் சேர்கிற பூச்சிக்கும் நல்ல மருந்து இருக்கிறது, ஓரிரு தடவையில் போய்விடும். வட்ட வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரை. பேரனுக்கும் ஒட்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மலத்தில் அரிசி மாதிரி நெளிந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

எலி மருந்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வீட்டில் பூனை இருக்கும்போது வரப்பில் பொடி வைக்க வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். மூங்கிலில் செய்கிற எலிப்பொறி, தஞ்சாவூர் கிட்டி, இன்னும் நம் பக்கம் கிடைக்கிறது. கிட்டி வைக்கிற ஆளைக் கூப்பிட்டால் ராத்திரியில் வைத்து விடிகாலையில் எடுத்துப் போவார். மருந்து தின்றது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாக்கெட்டோடு வந்துவிடுங்கள். கட்டி மருந்துக்கு வைட்டமின் கே ஊசி இருக்கிறது, நேரத்தோடு வந்தால் காப்பாற்றலாம்.

மருமகள் விஷயம். பயத்துக்குக் காரணம் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி. கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்குக் கெடுதல், அது உண்மை. ஆனால் பூனையைத் தடவுவதாலோ முடியாலோ தொற்றாது. முதன்முறை தொற்றிய பூனையின் மலத்தில் ஒன்றிரண்டு வாரம் மட்டும் கிருமி வெளியேறும். வெளியேறிய கிருமிக்கும் தொற்றும் சக்தி வர குறைந்தது ஒரு நாள் ஆகும். அதனால் பேசின் மண்ணை நீங்கள் தினமும் அள்ளி எடுத்துவிட்டால் போதும். மருமகள் அதைத் தொட வேண்டாம். கொல்லைச் செடிக்கு மண் வெட்ட வேண்டாம். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள், கறியை நன்றாக வேகவையுங்கள். வேகாத கறியாலும் மண் ஒட்டிய காய்கறியாலும் தொற்றுகிறவர்கள்தான் ஏராளம். வெள்ளச்சிக்குப் பச்சைக்கறி போடாதீர்கள். பரிசோதிக்கிற டாக்டரம்மாவிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் ரத்தத்தில் பார்த்துவிடுவார்கள். பூனைகளை எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம். ஆற்றங்கரையில் விட்ட வீட்டுப்பூனை எப்படிச் சாகும் என்று நான் இங்கே எழுத விரும்பவில்லை.

பேரனை எந்தப் பூனையாவது கடித்தோ பிறாண்டியோ ரத்தம் வந்தால் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். நம் வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது.

மாடு வளர்த்த வீடு உங்களுடையது. அசை போடுவது நின்றால், மூக்கு காய்ந்தால் மாட்டுக்கு என்னவோ என்று தொழுவத்தைத் தாண்டும்போதே கண்டுபிடித்துவிடுவீர்கள். பூனை அப்படிக் காட்டாது. நோவு வந்தால் இருட்டில் ஒடுங்கிக்கொள்ளும். செவலை பத்தாயத்துக்கு அடியில் போனது அதனால்தான். எனவே தட்டில் போட்டது குறைந்ததா, மண்ணில் ஈரக்கட்டி விழுந்ததா, வழக்கமாகப் படுக்கிற இடத்தில் படுத்ததா என்று தினமும் காலையில் பாருங்கள். வளர்ந்த பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கிவிடும். கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். விரதம் இருக்கிறது, எலி தின்றிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சைக்கு எங்கே போவது என்றால், தும்மலுக்கும் புழுவுக்கும் உங்கள் ஊர்ப்பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் போதும். டியூப் போடுவது, டிரிப் ஏற்றிப் படுக்க வைப்பது, அறுவைச் சிகிச்சை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. 2012-ல் அது வந்த பிறகு இந்த மூன்று நாலு மாவட்டத்துக்கும் பெரிய துணையாக இருக்கிறது. ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

இனிமேல் கடுவன் வளர்க்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு குட்டியில் ஒன்று கடுவன் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆறு மாதம் வாக்கில் கருத்தடை செய்துவிட்டால் சண்டைக்குப் போய்ச் சீழ்க்கட்டியோடு திரும்பாது, ஊர் சுற்றி வண்டியில் அடிபடாது. அடைப்பு வராமல் இருக்கக் கருத்தடை உதவாது, அதற்குத் தண்ணீர்தான். தண்ணீர் வைக்கவும் மண்ணைப் பார்க்கவும் உங்களுக்கு இப்போது தெரியும். வெள்ளச்சிக்கும் குட்டிகள் பால் மறந்ததும் செய்துவிடலாம்.

இந்த வாரத்துக்குள் குட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். மூடி போட்ட கூடையில் இரண்டையும் ஒன்றாக வைத்து, வெள்ளச்சி படுக்கிற துணியையும் உள்ளே போடுங்கள். அந்த வாசனை இருந்தால் பஸ்ஸில் கத்தாது. வெயிலுக்கு முன்னால், முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள். எடை எழுதின காலண்டர் தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.